புதிதாக ஜாம், சட்னி போட்டு விற்கிறவர்களுக்கு: ஹட்டனில் ஒரு லேபல் கடை

ஹட்டன் டவுனில், ரயில் நிலையப் பக்கமிருந்து கடைவீதிக்கு இறங்கும் வழியில் ஒரு மாடிக் கடை. வெளியே தொங்குவதெல்லாம் கல்யாணக் கார்ட்டும் திருவிழா நோட்டீசும் டியூஷன் பேனரும்தான், பார்த்தால் சாதாரண டிசைன் கடை என்றுதான் நினைப்பீர்கள். ஓர் அண்ணனும் அவருடைய தங்கச்சியும் நடத்துகிறார்கள். இருக்கிற வேலையே இரண்டு பேருக்கு அதிகம், பெயரைப் போட்டுவிடாதீர்கள் என்று அண்ணன் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. வீட்டில் செய்த சாமானைப் போத்தலில் அடைத்துக் கடைக்குக் கொடுக்க நினைக்கிற யாராக இருந்தாலும், ஒரு லேபல்கூட அச்சடிப்பதற்கு முன்னால் அந்தப் படியேறிவிட்டு வாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மரத்தக்காளிச் சட்னியும் இஞ்சி போட்ட பேஷன் ஃப்ரூட் ஜாமும் செய்கிறேன். முதல் லேபலை கண்டியில் ஒரு பெரிய அச்சகத்தில் அடித்தேன். 2,000 லேபல், 18,000 ரூபா. பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. மாத்தயா, சமையல் இடத்தைப் பார்க்க வந்தபோது மேசையில் ஒட்டி வைத்திருந்த போத்தலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "நங்கி, இதைக் கடைக்குக் கொடுக்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலாவது, மூலையில் எஸ்.எல்.எஸ். என்ற தர முத்திரை இருந்தது. வேறு ஏதோ கம்பெனிக்குச் செய்த டிசைனை எடுத்து, பெயரையும் படத்தையும் மாற்றி எனக்குக் கொடுத்திருக்கிறார்கள், முத்திரை அப்படியே நின்றுவிட்டது. அந்த முத்திரையை இலங்கை கட்டளைகள் நிறுவனம் அனுமதிப் பத்திரம் கொடுத்தால்தான் போடலாம், இல்லாமல் போடுவது குற்றம். டிசைன் செய்தவருக்கு அது வெறும் அலங்காரம். வழக்கு வந்தால் நிற்கப் போவது நான். இரண்டாவது, எடை. கிராமுக்கு 'ஜி' என்ற ஒற்றை எழுத்துத்தான் சரியான குறியீடு, அவர்கள் 'ஜிஎம்எஸ்' என்று போட்டிருந்தார்கள், அதுவும் 'நிகர' என்ற சொல் இல்லாமல். மூன்றாவது, எந்தத் தடவை செய்தது என்று காட்டுகிற தொகுதி இலக்கத்துக்கு இடமே இல்லை. நான்காவது நானே எழுதிக் கொடுத்தது: 'இருமலுக்கு நல்லது'. இஞ்சி இருமலுக்கு நல்லது என்று அம்மாச்சி சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான், ஆனால் நோயைக் குணமாக்கும் என்று உணவு லேபலில் எழுதக்கூடாது, 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும் அதன் கீழ் வந்த லேபல் விதிகளும் அதைத் தடுக்கின்றன.

ஐந்தாவதை மாத்தயா காட்டவில்லை, அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதை நானே முன்பே பார்த்து, திருத்தித் தரச் சொல்லி, "மெஷின்ல ஏறிட்டுது, இனி ஒண்ணும் செய்ய ஏலாது" என்ற பதிலையும் வாங்கியிருந்தேன். 'செய்த திகதி' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. 'பொருட்கள்' என்பதில் கொம்பும் காலும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம். தமிழ் தெரியாதவர், தமிழ் எழுத்தைச் சரியாகச் சேர்த்துக் காட்டாத பழைய டிசைன் மென்பொருளில் யூனிகோட் எழுத்தை ஒட்டினால் இப்படித்தான் வரும். சிங்களத்தில் ஒரு பிழை இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. தமிழ் மட்டும் உடைந்து கிடந்தது. நம் ஊர்க் கடைகளில் எத்தனை போத்தல், எத்தனை பக்கெட் இப்படி இருக்கிறது என்று அடுத்த முறை எடுத்துப் பாருங்கள். கொழுந்து பறிக்கிற பொம்பளை ஒருத்தி பிள்ளைக்கு ஒரு பால்மா பக்கெட் வாங்கினால், உள்ளே என்ன இருக்கிறது, எப்போது காலாவதி என்பதைத் தன் மொழியில் வாசிக்க முடிய வேண்டும். அதற்காகத்தானே லேபல்? 2,000 லேபலையும் அடுப்பில் போட்டேன். பணத்தைவிட அந்தத் தமிழ்தான் எனக்கு அதிகம் வலித்தது.

சரி, ஹட்டன் கடைக்கு வருகிறேன்.

போனதும் என்ன கலர், என்ன படம் என்று கேட்கவில்லை. தங்கச்சி உணவுத் தொழில்நுட்பம் படித்தவர். ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "அக்கா, ஒரு சட்டிக்கு என்னென்ன போடுறீங்க, கிராம் கணக்கில சொல்லுங்க" என்றுதான் ஆரம்பித்தார். பழம் 5 கிலோ, சீனி 5 கிலோ 500 கிராம், இஞ்சி இவ்வளவு, ஜாம் இறுகப் போடுகிற பெக்டின் இவ்வளவு, சிட்ரிக் அமிலம் இவ்வளவு என்று சொன்னேன். பழைய லேபலில் பழம் முதலில், சீனி இரண்டாவது என்று இருந்தது, பழ ஜாம் என்றால் பழம்தானே முதலில் வர வேண்டும் என்று நினைத்துப் போட்டது. அவர் அடித்து மாற்றினார். உட்பொருள் பட்டியல் எடையின்படி, கூடியதிலிருந்து குறைந்ததற்கு வர வேண்டும், சீனி கூட என்றால் சீனிதான் முதலில். "உங்களுக்குப் பழம் முதல்ல வரணும்னா பழத்தைக் கூட்டுங்க அக்கா, லேபலை மாத்தாதீங்க" என்றார். அன்று வீட்டுக்குப் போய் அளவை மாற்றினேன். இப்போது பழம் 6 கிலோ, சீனி 5. ஜாமும் முன்னைவிட நன்றாக வருகிறது, புளிப்பு எடுபடுகிறது. லேபல் கடைக்குப் போய் என் சமையல் மாறியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் அதுதான் நடந்தது.

சேர்மானப் பொருட்களுக்கு உரிய சர்வதேச எண்ணும் போட வைத்தார், பெக்டின் 440, சிட்ரிக் அமிலம் 330 என்று.

அப்புறம் காலாவதித் திகதி. "எதை வைச்சு ஒரு வருஷம்னு போட்டீங்க?" என்று கேட்டார். கடையில் விற்கிற ஜாம்களில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அது அவர்களுடைய பண்டத்துக்கு, உங்களுடையதற்கு எவ்வளவு தாங்கும் என்பதை ஆய்வுகூடத்தில் பார்த்துத்தான் போட வேண்டும் என்று, கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் மாதிரி கொடுப்பது எப்படி என்று சொன்னார். கூடவே சொன்ன இன்னொரு விஷயம் மலையகத்தில் ஜாம் போடுகிற எல்லோருக்கும் தேவை. புத்தகங்களில் ஜாமை 105 பாகையில் இறக்கு என்று இருக்கும். அது கடல் மட்டத்துக் கணக்கு. ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இங்கே தண்ணீரே ஏறக்குறைய 96 பாகையில் கொதித்துவிடும், 105 வரும்வரை காய்ச்சினால் ஜாம் கெட்டியாகி நிறம் கறுத்துப்போகும். நுவரெலியாவில் இன்னும் குறைவு. அதனால் வெப்பமானியை விட்டுவிட்டு, சீனிச் செறிவைப் பார்க்கிற பிரிக்ஸ் மீட்டரை வாங்கினேன். 68க்கு வந்ததும் இறக்குகிறேன், ஒவ்வொரு சட்டியும் ஒரே மாதிரி வருகிறது. ஒரே மாதிரி வந்தால்தானே தொகுதி இலக்கம் போடுவதில் அர்த்தம் இருக்கிறது?

முகவரிதான் எல்லாவற்றிலும் நீளமான கதை. தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் லேபலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழையான சாமானுக்கு யாரைத் தேடிப் போவது? நியாயமான விதி. ஆனால் நம் ஆட்களில் எத்தனை பேருக்கு முகவரி இருக்கிறது? நான் பிறந்த லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, கதவிலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், அவ்வளவுதான், கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. நிலம் நம் பெயரில் இல்லை, வீடு நம் பெயரில் இல்லை, தண்ணீர் பொதுக் குழாயில். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியப் போனபோது என்னிடம் கேட்ட முதல் கேள்வி, இடம் யாருடையது, காணி உறுதியா வாடகை ஒப்பந்தமா என்பதுதான். நான் டிக்கோயா ரோட்டில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்ததே இதற்காகத்தான். மாதாமாதம் அந்த வாடகையைக் கொடுக்கும்போது, ஒரு முகவரிக்காகக் கொடுக்கிற பணம் இது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கடையில் இதைப் பேசியபோது அண்ணன் ஒரு சம்பவம் சொன்னார். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நாலு பெண்கள் முறுக்கு லேபல் அடிக்க வந்திருக்கிறார்கள், முகவரி கேட்டால் தோட்டப் பெயர் மட்டும். ஒரு டவுன் கடையின் முகவரியைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணன் மறுத்துவிட்டார், காசும் வாங்கவில்லை. பதிலாக, கிராம சேவகரிடம் வதிவிடக் கடிதம், தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் சம்மதம், அப்புறம் பி.எச்.ஐ.யிடம் இடத்தைக் காட்டுவது என்று வழி எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மூன்று மாதம் கழித்து, தோட்டத்துச் சனசமூக நிலையத்தின் பின்னறையைத் திருத்தி அங்கே சுட ஆரம்பித்துவிட்டு வந்தார்களாம். அந்த முறுக்கு லேபல் அவர் சுவரில் ஒட்டியிருக்கிறது, தோட்டத்தின் பெயர், டிவிஷன், தபாலகம் எல்லாம் ஒழுங்காக மூன்று மொழியிலும். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

எவ்வளவு சீனி இருக்கிறது என்று நிறத்தால் காட்டுகிற சீனி நிறக்குறியை நிறையப் பேர் ஒளிக்கப் பார்க்கிறார்கள். குடிபானங்களுக்கு 2016லும், திண்ம, அரைத் திண்ம உணவுகளுக்குச் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் சேர்த்து 2019லும் வந்த விதி இது. 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. ஜாம் என்றால் சிவப்புத்தான், தப்ப முடியாது. நான் பயந்தேன், சிவப்பைப் பார்த்தால் வாங்க மாட்டார்களே என்று. தங்கச்சி அதைத் தெளிவாகத் தெரிகிற இடத்தில்தான் வைத்தார், மடிப்புக்குள் தள்ளச் சொன்னதற்குச் சம்மதிக்கவில்லை. விற்பனை குறையவில்லை. சீனி வருத்தம் உள்ள ஒரு ஐயா கடையில் போத்தலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்ததை நானே பார்த்தேன், அவர் வைத்தது சரி, அவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்தது.

நான் காத்திருந்த ஒரு நாள், சொந்தமாகத் தேயிலைத் தூள் பக்கெட் பண்ண நினைக்கிற ஒரு தம்பி வந்தார். சிங்க இலச்சினை போட்டுத் தாங்க என்றார். அண்ணன் கணினியில் கையே வைக்கவில்லை. அந்தச் சிங்கம் தேயிலைச் சபையுடையது, முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டு, சபையின் தரத்துக்கு வந்தால்தான் அனுமதி, கடிதத்தைக் கொண்டு வா தம்பி, அன்றைக்கே போட்டுத் தருகிறேன் என்றார். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. வேறு எங்காவது போனால் ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்திருப்பார்கள், எனக்கு எஸ்.எல்.எஸ். முத்திரையைப் போட்டுக் கொடுத்த மாதிரி.

எஸ்.எல்.எஸ். பற்றியும் அவர்களிடம்தான் ஒழுங்காக விளங்கிக்கொண்டேன். தலைக்கவசம் மாதிரியான சில சாமான்களுக்கு அது கட்டாயம், வேறு பலவற்றுக்கு நாமே விரும்பி எடுப்பது, உங்கள் பொருள் எந்தப் பக்கம் என்பதை முதலில் நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு போத்தலைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பாஸ் பண்ணிக்கொண்டு வருகிற வேலை இல்லை அது. விண்ணப்பித்தால் தயாரிக்கிற இடத்துக்கே வந்து பார்ப்பார்கள், மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள், கொடுத்த பிறகும் வந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கை கழுவுகிற இடம் எங்கே, எந்தத் தொகுதி எந்தக் கடைக்குப் போனது என்ற பதிவு எல்லாம் இருக்க வேண்டும். நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. தினமும் கொப்பியில் எழுதுகிற பழக்கத்தை மட்டும் ஆரம்பித்துவிட்டேன், திகதி, பழம் வந்த தோட்டம், பிரிக்ஸ் அளவு, போத்தல் எண்ணிக்கை. லேபலில் அந்த முத்திரைக்கென்று ஒரு மூலையை வெறுமையாக விட்டுத் தரச் சொன்னேன், தங்கச்சி சிரித்துக்கொண்டே விட்டுத் தந்தார்.

பார்கோட் விஷயத்திலும் அவசரப்படுத்தவில்லை. தோட்டத்துக் கடைகளுக்கும் டவுன் கடைகளுக்கும் கொடுக்கிறவரை தேவையில்லை, சுப்பர் மார்க்கெட் என்றால் கேட்பார்கள். அப்போது ஜிஎஸ்1 ஸ்ரீலங்காவிடம் பதிந்து 479 என்று ஆரம்பிக்கிற எண்ணை வாங்க வேண்டும், இணையத்தில் சும்மா உருவாக்கிக்கொண்ட கோடுகள் ஒரு நாள் இன்னொருவருடைய சாமானாகக் கணினியில் வந்து நிற்கும்.

அச்சுத் தரம் பற்றியும் சொல்ல வேண்டும், இது லேபல் கடை அல்லவா. நம் ஊர் மழையும் பனியும் கடதாசி லேபலைத் தின்றுவிடும். மசுகெலியாவில் ஒரு கடையில் நான் பார்த்த வேறொருவரின் போத்தலில், ஆடி மாத மழையில் மை கரைந்து ஓடியிருந்தது. இங்கே பிளாஸ்டிக் ஸ்டிக்கரில் அடித்து மேலே மெல்லிய படலம் போட்டுத் தருகிறார்கள். ஆறு மாதமாகிறது, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தாலும் உரியவில்லை, எழுத்து மங்கவில்லை. திகதியும் தொகுதி இலக்கமும் அதிகபட்ச சில்லறை விலையும் போட ஒரு வெள்ளைக் கட்டம், அதற்குப் பொருந்துகிற கை முத்திரையும் அழியாத மையும் அவர்களே எடுத்துத் தந்தார்கள். முத்திரை குத்திய பிறகு இரண்டு நிமிடம் தொடாமல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுபடும்.

தமிழ். இதற்காகவே நான் அவர்களுக்கு முழு மார்க் கொடுப்பேன். 'தயாரிப்புத் திகதி', 'காலாவதித் திகதி', 'உட்பொருட்கள்', 'நிகர எடை', ஒவ்வொன்றையும் அச்சுக்கு முன்னால் சத்தமாக வாசித்துப் பார்க்கிறார்கள். சிங்களத்தைக் கீழ்க் கடை நங்கியிடம் கொடுத்து வாசிக்க வைக்கிறார்கள். மூன்று மொழியும் ஒரே அளவு எழுத்தில். தமிழைக் கடைசியில் மிஞ்சின இடத்தில் எறும்பு மாதிரி நுழைக்கவில்லை. இறுதிப் பிரதியில் என்னிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அச்சுக்கு அனுப்பினார்கள்.

குறைகளும் இருக்கின்றன. தாமதம் ஆகும். எனக்கு முதல் பேச்சிலிருந்து லேபல் கைக்கு வர 24 நாள் எடுத்தது, இடையில் இரண்டு முறை கேட்டுத்தான் நகர்ந்தது. ஒரு லேபல் 14 ரூபா, கண்டியில் கொடுத்ததைவிட 5 ரூபா கூட, 500க்குக் குறைத்து அடிக்க மாட்டார்கள், முதல் தடவை 50 போத்தல் போட்டுப் பார்க்கிறவருக்கு அது பாரம்தான். அண்ணே, ஒரு 100 லேபல் அடிக்கிற வழி ஒன்று பாருங்கள், சாதாரண மை பிரிண்டரில் என்றாலும் பரவாயில்லை என்று நேரிலேயே சொல்லியிருக்கிறேன். படம் வரைகிற கை கொஞ்சம் பழைய பாணி, என் மரத்தக்காளி பார்க்கக் கத்தரிக்காய் மாதிரி வந்து மூன்றாவது தடவைதான் சரியானது. சவர்க்காரம், கிறீம் வகைகளுக்கு லேபல் செய்வதில்லை, அந்த விதிகள் தங்களுக்குச் சரியாகத் தெரியாது என்று நேராகச் சொல்லிவிடுகிறார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்று, அவர்கள் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். லேபல் விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. இறுதிப் பிரதியை அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் பி.எச்.ஐ.யிடம் ஒரு தடவை காட்டுங்கள், சிறு தொழில் செய்கிறவர்களுக்குத் தொழில்நுட்ப உதவி தருகிற, பிரதேச செயலகத்து விதாதா நிலையத்திலும் கேட்கலாம். தராசையும் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை உள்ளதாகப் பார்த்துப் பாவியுங்கள். லேபலில் 350 கிராம் என்று போட்டுவிட்டுப் போத்தலில் 335 இருந்தால் எவ்வளவு நல்ல லேபலும் உதவாது.

போகும்போது கொண்டுபோக வேண்டியவை: வியாபாரப் பெயர்ப் பதிவுப் பிரதி, ஒரு சட்டிக்கான அளவு கிராமில், காலிப் போத்தல் ஒன்று மூடியோடு, முகவரி மூன்று மொழியிலும் எழுதிய தாள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், சந்தைக் கூட்டத்தில் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. போயா தினத்தில் பூட்டு. செவ்வாய், புதன் காலை பத்து மணிக்குப் பிறகு போனால் தங்கச்சி இருப்பார், அவர் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள்.